உளிக்குப் பதம் வைக்கப் போன கதை

கொஞ்சம் நீளமான பதிவு இது. மாத்திரை மருந்து பற்றி இல்லை, உளி பற்றி. ஆனா சுத்திச் சுத்தி கடைசியில் ஆஸ்பத்திரிக்குத்தான் வந்து சேரும். பொறுத்துக்கோங்க.

எங்க தாத்தா தச்சு வேலை பார்த்தவர். அவர் போன பிறகு வீட்டில் மிஞ்சியது ஒரு இழைப்புளி, ஒரு வாச்சி, ஒரு முக்கால் இஞ்ச் உளி. அந்த உளியை நாற்பது வருசம் தீட்டித் தீட்டி, பாதி நீளம்கூட மிச்சமில்லாமல் ஆக்கியிருந்தார்.

எனக்கு மரவேலை முறையாகத் தெரியாது. கடலாடிக்கு மாற்றலாகி வந்த பிறகு, டூட்டி முடிந்த சாயந்திரங்களில் வீட்டுக்குப் பின்னாடி உட்கார்ந்து ஸ்டூல், மணை, புத்தகப் பலகை என்று ஏதாவது தட்டிக்கொண்டிருப்பேன். ஓ.பி.யில் நூத்தம்பது பேரைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு மரம் ரொம்ப நல்ல துணை. "எப்ப சார் சரியாகும்?" என்று கேட்காது.

ஒருநாள் இடித்த வீட்டு நிலைச்சட்டம் ஒன்று கிடைத்தது. நல்ல தேக்கு. உள்ளே ஆணி ஒன்று முறிந்து கிடந்ததை நான் கவனிக்கவில்லை. தாத்தா உளியை வைத்து ஓங்கி ஒரு போடு. வாயில் ஒரு ஓரம் பல்லு பெயர்ந்த மாதிரி போய்விட்டது.

சரி, தீட்டினால் போச்சு என்று அந்த ஓரம் மறையும் வரை தீட்டினேன். அதற்கப்புறம்தான் கூத்தே. கூர் நிற்கவில்லை. பத்து தட்டுக்குள் வாய் மடங்கியது. நாற்பது வருசம் உழைத்த உளி, என் கைக்கு வந்ததும் தகரம் மாதிரி ஆகிவிட்டது.

கடையில் புதுசு ஒன்று வாங்கினேன். கருவேலங்கட்டையில் வைத்ததும் அதன் வாயும் மடங்கியது. அப்போதுதான் புத்தி போன போக்கில் ஒரு முடிவு எடுத்தேன். நாமே ஒரு உளி செய்தால் என்ன?

ராமநாதபுரம் மாவட்டத்தில் தண்ணிக்குப் பஞ்சம் உண்டு, கரிக்குப் பஞ்சமே கிடையாது. சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டு எடுக்கும் கரி முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடி பக்கமெல்லாம் பெரிய தொழில். ஒரு மூட்டை வாங்கி வந்தேன். செங்கல் அடுக்கி, களிமண் பூசி, ஒரு பக்கம் குழாய் சொருகி, அதன் வாயில் என் மனைவியின் ஹேர் டிரையரை வைத்துக் கட்டினேன். (அந்த ஹேர் டிரையர் பற்றி வீட்டில் இன்னும் வழக்கு நடக்கிறது.)

முதல் உளி கட்டிடக் கம்பியில். காய்ச்சி, தட்டி, பட்டையாக்கி, செக்கச்செவேல் என்று இருக்கும்போது தண்ணியில் விட்டேன். "சுர்ர்ர்" என்ற சத்தம் பிரமாதம். தீட்டி மரத்தில் வைத்தால் வெண்ணெய்க் கத்தி.

காரணம் கார்பன். இரும்பில் கரி எவ்வளவு கலந்திருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கட்டிடக் கம்பியில் கால் சதவீதம் தேறினாலே அதிகம். என்னதான் காய்ச்சி முக்கினாலும் அது உளிக்கு வேண்டிய அளவு இறுகாது. லாரி பட்டையில், அதாவது அடியில் அடுக்கடுக்காக இருக்கும் ஸ்பிரிங் தகட்டில், அரை சதவீதத்துக்கு மேல் இருக்கும். அருவாளுக்கு அதைத் தேடிப் பிடிக்கிறது இதனால்தான். நல்ல அரத்தில் ஒரு சதவீதம், அதற்கு மேலும் இருக்கும்.

இந்த விஷயத்தில் நம்ம ஆட்கள் கெட்டிக்காரர்கள். நொய்யல் கரையில் கொடுமணலில் தோண்டியபோது, மண் மூசைக்குள் இரும்பை வைத்து எஃகு உருக்கிய உலைகளின் தடயம் கிடைத்தது. மூசைக்குள் இரும்போடு ஆவாரங்கட்டையையும் எருக்கிலையையும் வைத்து மூடி உருக்குவார்கள் என்று 19-ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். கட்டையும் இலையும் கரியாகி இரும்புக்குள் ஏறும். ரோட்டோரம் யாரும் சீண்டாத எருக்கஞ்செடிக்கு அப்படி ஒரு காலம் இருந்திருக்கிறது. நம் நாட்டு எஃகை "ஊட்ஸ்" என்று பெயரிட்டு, பம்பாயிலிருந்து லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பிய ஹெலனஸ் ஸ்காட் ஒரு டாக்டர். அதைச் சோதித்து 1795-ல் கட்டுரை எழுதிய ஜார்ஜ் பியர்சனும் ஒரு டாக்டர். ஆபரேஷன் கருவிகள் செய்யும் ஸ்டோடார்ட் என்பவர் அந்த எஃகைக் கொண்டாடினார், மைக்கேல் ஃபாரடேயோடு சேர்ந்து 1820-ல் ஆய்வுக்கட்டுரையும் எழுதினார். ஆக, டாக்டருக்கு எதுக்கய்யா இரும்பு வேலை என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் உண்டு.

இரண்டாவது உளி பழைய அரத்தில். இந்த முறை சூட்டைக் குறைக்கவே கூடாது என்று ஆரஞ்சு நிறம் வரும் வரை ஊதினேன். தண்ணியில் விட்டதும் "டிங்" என்று ஒரு சின்ன சத்தம். எடுத்துப் பார்த்தால் குறுக்கே விரிசல். லேசாகத் தட்டினேன், இரண்டாகப் போய்விட்டது.

டீக்கடையில் கதையைச் சொன்னதும் சிரித்தார்கள். "சாயல்குடி ரோட்டுல ஒரு பட்டறை இருக்கு சார். வயசான ஆசாரி. அவருகிட்ட கேளுங்க. ஆனா..." என்று ஒருத்தர் இழுத்தார். "அவருக்கு இப்ப கை முன்ன மாதிரி இல்ல. போன வருசம் அடிச்ச அருவா பூரா வாய் மடங்குது. சொன்னா கோவப்பட்டு, அடுத்து அடிச்சுத் தர்றது பொடிப்பொடியாப் பேருது. ஜனங்க இப்ப திருப்பாச்சேத்தி அருவாளா வாங்கியாந்துர்றாங்க."

அதனால் தாத்தாவின் உளியைப் பையில் வைத்துக்கொண்டுதான் போனேன், ஆனால் வெளியே எடுக்கவில்லை. கை போன ஆளிடம் அதைக் கொடுக்க மனசு வரவில்லை. உடைந்த அரத்தை மட்டும் நீட்டினேன்.

வேப்பமரத்தடியில் ஓலைக் கொட்டகை. எழுபதைத் தாண்டிய உடம்பு, கைகள் மட்டும் நாற்பது வயதுக்காரருடையவை. "வாங்க டாக்டர் தம்பி" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னையத் தெரியுமாய்யா?" "தெரியாம என்ன? மாசாமாசம் சக்கரை மாத்திரைக்கு ஒங்ககிட்டதான வாறேன்."

முகம் எனக்கு ஞாபகமில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

உடைந்த அரத்தின் முகத்தை அவர் கண்ணால் பார்க்கவில்லை. கட்டைவிரலால் தடவினார். "சீனி மாதிரி நறநறங்குது பாருங்க. சூடு கூடிப்போச்சு. பதமா இருந்தா உடைஞ்ச வாய் பட்டு மாதிரி இருக்கும். அப்பறம் பல்லைத் தேய்க்காமயே முக்கிருக்கீக. ஒவ்வொரு பல்லும் ஒரு வெட்டு. அதுலதான் விரிசல் பிடிக்கும்."

நான் இரண்டு வாரம் யூடியூபில் பார்த்ததை இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடித்துவிட்டார்.

அடுத்த ஒரு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறைதான். லாரி பட்டைத் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டோம். முதலில் செக்கச்செவேல் என்று காய்ச்சி, சாம்பலுக்குள் புதைத்து இரவு முழுக்க ஆறவிட வேண்டும். அப்போதுதான் அது அரத்துக்கு இணங்கும். பிறகு அடைகல்லில் வைத்து அடித்து வடிவத்துக்குக் கொண்டுவருவது, வாயை அராவுவது, பிடியில் இறங்கும் வாலை நீட்டுவது. வாயை முதலிலேயே கூராக்கிவிடக் கூடாது. மெல்லிசாக இருந்தால் தோய்ச்சலில் கோணும், விரிசல் விடும். ஒரு காசு கனம் விட்டு வைக்க வேண்டும்.

தோய்ச்சல் என்பதுதான் உயிர். அதிலே இரண்டு கட்டம்.

ஒன்று, இறுக வைப்பது. இரும்பு ஏறத்தாழ 770 டிகிரியைத் தாண்டும்போது காந்தத்தில் ஒட்டாது. அதற்குக் கொஞ்சம் மேலே, பழுத்த கோவைப்பழ நிறத்தில், இரும்பின் அணுக்கள் வேறு மாதிரி அடுக்கிக்கொள்ளும். கார்பன் தாராளமாக உள்ளே கரைந்து உட்கார இடம் கிடைக்கும். மெதுவாக ஆறினால் கார்பன் நிதானமாக வெளியே வந்துவிடும். சட்டென்று குளிரவைத்தால் வெளியே வர நேரமில்லாமல் உள்ளேயே நெருக்கியடித்து மாட்டிக்கொள்ளும். அந்த நெருக்கடிதான் கடினம். அந்த நிலையில் அரத்தை வைத்து இழுத்தால் அரம் கண்ணாடியில் போவது மாதிரி வழுக்கும். அரத்துத் துண்டுக்குத் தண்ணி. லாரி பட்டைக்கு எண்ணெயே போதும், வெதுவெதுப்பாகச் சூடு காட்டிய கடலை எண்ணெய். ஓடித் தேய்ந்த இன்ஜின் ஆயிலைப் பலர் வைத்திருக்கிறார்கள். வேண்டாம். அதில் புற்றுநோய் உண்டாக்கும் சேர்மங்கள் சேர்ந்திருக்கும், புகையும் நல்லதில்லை.

இரண்டாவது, இறுகினதை இளக்குவது. முதல் கட்டத்தோடு விட்டால் உளி கண்ணாடி மாதிரி உடையும். அதைத் திரும்ப லேசாகச் சூடாக்க வேண்டும். எவ்வளவு லேசாக? அதை இரும்பே நிறத்தில் சொல்லும். வாயை மணல் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டு மெதுவாகச் சூடேற்றினால், 220 டிகிரி வாக்கில் வெளிர் வைக்கோல் நிறம் வரும். 240-ல் நல்ல வைக்கோல். பிறகு பழுப்பு, 280 பக்கம் ஊதா, 300-ல் நீலம். மழைத் தண்ணியில் பெட்ரோல் சிந்தினால் வரும் வானவில் மாதிரிதான் இதுவும். இரும்பின் மேலே படரும் மெல்லிய ஆக்சைடு ஏட்டின் கனம் கூடக்கூட நிறம் மாறும். மர உளிக்கு வைக்கோல் நிறத்தில் நிறுத்த வேண்டும். நீலம் வரை விட்டால் ஸ்பிரிங். கூர் நிற்காது.

ஆசாரி ஐயா இரண்டையும் ஒரே காய்ச்சலில் முடிப்பார். உளியைப் பழுக்கக் காய்ச்சி, நுனி ஒன்றரை இஞ்சை மட்டும் முக்கி எடுப்பார். பின்பக்கம் இன்னும் கனன்றுகொண்டிருக்கும். நுனியைச் சட்டென்று கல்லில் தேய்த்து வெளுப்பாக்கி, கையில் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். பின்னால் இருக்கும் சூடு நுனியை நோக்கி ஓடி வரும். அதோடு நிறங்களும் வரிசையாக ஓடி வரும். முன்னே வைக்கோல், அதன் பின்னே பழுப்பு, ஊதா, நீலம். வைக்கோல் நிறம் வாயைத் தொட்டதும் முழுசாக முக்கிவிட வேண்டும். சில நொடி தாமதித்தால் ஊதா வந்துவிடும். அவ்வளவுதான், போச்சு.

தாத்தாவின் உளி ஏன் தகரமானது என்று அப்போது பிடிபட்டது. பதம் இருந்த நுனியை அவரே தீட்டித் தீர்த்திருந்தார். பாக்கி இருந்ததை நான் தீர்த்தேன்.

சரி. மூன்றாவது ஞாயிறு. நுனியை முக்கி, தேய்த்து, ஐயா கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் அவர் பேத்தி, ஏழாவது படிக்கிற பிள்ளை. வெளியே யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்:

"ஆத்தா, மஞ்ச வந்துருச்சா?"

அந்தப் பிள்ளை குனிந்து பார்த்து, "ஊதாவே வந்துருச்சு அய்யா" என்றது.

அவர் முகத்தை நான் பார்த்தேன். முக்கினார். ஒன்றும் பேசாமல் உளியை மறுபடி உலைக்குள் வைத்தார்.

கை போகவில்லை. அம்புட்டு நாளும் ஊர் சொன்னது தப்பு. கண்தான் போயிருந்தது.

கொட்டகைக்கு வெளியே வெளிச்சத்தில் உட்காரவைத்து மொபைல் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் புரை. வெள்ளையாக இல்லை, நாட்டுச் சர்க்கரை நிறம். வலது கண்ணில் முற்றியிருந்தது. கண்ணின் லென்ஸ் வயதாக ஆக இப்படி மஞ்சளாகி, பழுப்பாகும். அது முதலில் விழுங்குவது நீல ஒளியை. உலகமே மஞ்சள் கண்ணாடி போட்ட மாதிரி ஆகிவிடும். எல்லாமே மஞ்சளாகத் தெரிகிறவருக்கு வெளுப்பான இரும்பில் வைக்கோல் மஞ்சள் வந்தது எப்படித் தெரியும்? தெரியும் வரை காத்திருப்பார். அதற்குள் ஊதா தாண்டியிருக்கும், அருவா மடங்கும். ஜனங்க திட்டினதும் அடுத்த முறை பயந்து சீக்கிரமே முக்குவார், அது பெயரும். டீக்கடையில் கேட்ட இரண்டு குறைக்கும் காரணம் ஒன்றுதான்.

ஓவியர் மோனேவுக்கும் இதுவே நடந்தது. புரை முற்றிய காலத்தில் அவர் வரைந்த தோட்டமெல்லாம் செம்பழுப்பு. 1923-ல் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் ஆன பிறகு எல்லாம் ரொம்ப நீலமாகத் தெரிகிறது என்று புலம்பினார்.

ஐயாவுக்கு வயது ஒரு காரணம், சர்க்கரை இன்னொன்று. மூன்றாவது உலை. பழுத்த இரும்பிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர் வருசக்கணக்கில் கண்ணில் பட்டால் லென்ஸைக் கெடுக்கும். கண்ணாடி ஊதுகிறவர்களுக்கும் உலைத் தொழிலாளர்களுக்கும் இது வரும் என்று எங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. பரீட்சைக்குப் படித்தேன், இரண்டு மார்க் வாங்கினேன். மாசாமாசம் என் எதிரே வந்து உட்கார்ந்த ஆசாரியிடம் "என்ன தொழில்யா?" என்று ஒருமுறைகூட நான் கேட்கவில்லை. சீட்டைப் பார்த்தேன், மாத்திரை எழுதினேன். கண்ணில் புரை எதிரே ஒன்றரை அடி தூரத்தில் இருந்திருக்கிறது. கூட்டம் அதிகம், நேரமில்லை என்றெல்லாம் சொல்லலாம். உண்மையும்கூட. ஆனாலும் உறுத்துகிறது.

ஆபரேஷன் என்றதும் மறுத்துவிட்டார். "கண்ணைக் கிழிச்சா அப்பறம் உலை முன்னாடி நிக்க முடியாதும்பாக. நின்னாத்தான் கஞ்சி தம்பி." அவர் அண்ணனுக்கு ரொம்ப காலம் முன்பு செய்தபோது தையல் போட்டு, பல நாள் படுக்கவைத்து, சோடாபுட்டி கண்ணாடி கொடுத்தார்களாம். இப்போது அப்படி இல்லை, கால் மணி அரை மணி நேர வேலை, உள்ளேயே செயற்கை லென்ஸ் வைத்துவிடுவார்கள், அரசு ஆஸ்பத்திரியில் காசு கிடையாது என்று நான் மூன்று வாரம் சொன்னேன். எதுவும் ஏறவில்லை.

ஏறவைத்தது அவர் பேத்தி. "நா அடுத்த வருசம் ஹாஸ்டலுக்குப் போயிருவேன் அய்யா. அப்ப மஞ்சளா ஊதாவான்னு யார்ட்ட கேப்பீக?"

சர்க்கரை 280-ல் நின்றது. மாத்திரையை ஒழுங்காக எடுக்கவைத்து, டீக்கடை வடையை நிறுத்தி, இறக்குவதற்கே இரண்டு மாதம். பிறகு ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் வலது கண்ணுக்கு முடிந்தது. ஒரு மாதம் உலைப் பக்கம் போகக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட வேண்டும். அந்த ஒரு மாதத்துக்கு வீட்டுக் கஞ்சிக்கு என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியும், இங்கே எழுத வேண்டாம்.

கட்டுப் பிரித்து ஊருக்கு வந்த அன்று பார்க்கப் போனேன். வேறெதையும் சொல்லவில்லை. திண்ணையில் காய்ந்த பேத்தியின் பள்ளிக்கூடப் பாவாடையைக் காட்டி, "இது இம்புட்டு நீலமாவா இருந்துச்சு?" என்றார். இடது கண்ணை மூடி ஒருமுறை, வலதை மூடி ஒருமுறை, மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இடையில் ஒரு விஷயம். இதைப் படித்துவிட்டு நாளைக்கே யாராவது ஹேர் டிரையரைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால், தயவுசெய்து கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். அரம் மாதிரி இறுகின இரும்பைச் சுத்தியலால் நேரடியாக அடிக்காதீர்கள், தெறிக்கும் சில்லு கருவிழியைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படி ஒரு இளைஞரை நள்ளிரவில் மதுரைக்கு அனுப்பியிருக்கிறேன். உலைத் தொழிலே செய்கிறவர்களுக்குச் சாதாரண வெள்ளைக் கண்ணாடி போதாது, அகச்சிவப்பைத் தடுக்கும் நிறக் கண்ணாடி வேண்டும். நாகமுலாம் பூசிய இரும்பை உலையில் வைக்கவே வேண்டாம். அந்தப் புகை காய்ச்சலில் தள்ளும்.

ஐயாவுக்கும் அப்படி ஒரு நிறக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். நிறம் பார்க்கும் நேரத்தில் மட்டும் கழட்டிவிடுகிறார். அதைத் தடுக்க என்னிடம் பதில் இல்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு. தாத்தாவின் உளியைப் பையிலிருந்து எடுத்து அவர் கையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாணையில் லேசாக ஒரு ஓரம் பிடித்துப் பொறியைப் பார்த்தார். வெடித்துச் சிதறும் பொறி. "முழு எஃகுதான். எங்கயும் ஒட்டு இல்ல. பதம் வைக்கலாம்" என்றவர், என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"இது மொத நாளே பையில கெடந்துச்சுல்ல?"

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "ஆமாய்யா."

"தெரியும். கணகணன்னு சத்தம் கேட்டுச்சு. கண்ணுதான போச்சு, காது போகலையே." சிரித்தார். கோபம் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

குறட்டை என் கையில் கொடுத்தார். "ஒங்க தாத்தா உளி. நீங்களே வைங்க. நான் பாத்துக்கிறேன்."

காய்ச்சினேன். கோவைப்பழ நிறம். நுனியை முக்கினேன், கல்லில் தேய்த்தேன், பிடித்துக்கொண்டு நின்றேன். சூடு பின்னாலிருந்து வரத் தொடங்கியது. என் கண்ணுக்கு இன்னும் வெறும் வெளுப்புத்தான். முக்கிவிடலாமா என்று கை பரபரத்தது.

"இருங்க" என்றார்.

மெல்லிசாக ஒரு மஞ்சள் கோடு. நகர்ந்து வருகிறது.

"இருங்க... இருங்க..."

கோடு வாயைத் தொட்டது.

"இப்ப!"